மேஸ்திரி சொன்ன குழாய்

கால் எப்படிப் போயிற்று என்று கேட்கிறவர்களிடம் 'சர்க்கரை' என்று சொல்லிவிடுவேன். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், கேட்டவர் உச்சுக்கொட்டிவிட்டுத் தன் மாமியாரின் சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எனக்கும் வேலை மிச்சம். உண்மையைச் சொல்லப் புகுந்தால் பஸ் திண்டிவனம் போய்ச் சேருகிறவரை பேசினாலும் முடியாது. அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போது கோபம் வரும். வந்தால் வரட்டும்.

மரக்காணம் உப்பளத்தில் நான் இன்ஜின் மேஸ்திரி. கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற மூன்று ஆயில் இன்ஜின்கள் என் பொறுப்பு. எழுபதுகளின் நடுவில், எனக்கு நாற்பது வயது தாண்டிய சமயத்தில், வலது கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. இன்ஜின் கொட்டகையிலிருந்து கால்வாய்க் கரைக்கு நடந்தால் பாதி வழியில் கெண்டைக்கால் சதை இறுக்கிப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். நிற்கிற நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று ஒரு பீடி பற்றவைப்பேன். பீடி முடிவதற்குள் வலி போய்விடும். பீடிதான் வலியைப் போக்குகிறது என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பீடிதான் ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்றே விட்டேன். விட்டு என்ன பயன்.

முதல் தப்பு எங்களுடையது. அதையும் ஒளிக்கப் போவதில்லை. உப்பளத்துக்காரர்களுக்கு எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். கால் ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடக்கிறதே என்று என் மனைவி பூங்காவனம் உப்பை நன்றாகவே சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

"சூடு தெரியுதாயா?"

"ஒண்ணும் தெரியல. இன்னும் அழுத்தி வை."

வைத்தாள். மறுநாள் கால் பெருவிரலில் கொப்புளம். ரத்தம் சரியாக ஓடாத காலுக்குச் சூடு உறைக்காது. மேலே பட்ட சூட்டை அடித்துக்கொண்டு போக ரத்தமும் இல்லாததால் தோல் அப்படியே வெந்துபோகும். இதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான். கொப்புளம் உடைந்து புண்ணாயிற்று. புண் ஆறவில்லை. திண்டிவனத்தில் பார்த்த டாக்டர் கணுக்காலில் விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "நாடியே இல்லப்பா, உடனே மெட்ராஸ் போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மெட்ராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ரத்தக் குழாய்களுக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருந்தார். அவர் பெயரும் வேண்டாம். முதல் நாள் அவர் என் கட்டிலுக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் வெடித்துக் கட்டையாகிப்போன பாதங்கள். நான் கூச்சத்தில் இழுத்துக்கொண்டேன். "விடுங்க மேஸ்திரி, இது என் தொழில்" என்று சிரித்தார். படித்தவர் ஒருவர் என் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷமே நான் அவருடைய ஆளாகிவிட்டேன்.

அடைப்பு எங்கே என்று தெரிய ஒரு படம் எடுத்தார்கள். குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு முழ நீளத்துக்கு ஓர் ஊசி. அதன் வழியாகப் பெரிய ரத்தக் குழாயில் மருந்தை ஏற்றினால், மருந்து ஓடுகிற வழி எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். மருந்து இறங்கியபோது இடுப்புக்குக் கீழே கொதிக்கிற கஞ்சியைக் கொட்டியது போலிருந்தது. கத்திவிட்டேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை நடுவில் வெள்ளைக் கோடு அறுந்துபோய், முட்டிக்குக் கீழே மறுபடி மெலிசாகத் தொடங்கியது.

"மேல தண்ணி இருக்குது, கீழ பாத்தியும் இருக்குது. நடுவுல வாய்க்கால் தூர்ந்து போச்சு. அவ்வளவுதான?" என்றேன்.

"அவ்வளவுதான். உங்க கால்லயே தோலுக்கு அடியில ஒரு ரத்த நரம்பு இருக்குது. அதை எடுத்து, தலைகீழாத் திருப்பி, மேலயும் கீழயும் தெச்சுப் புது வாய்க்கால் போடப்போறேன்."

ஏன் தலைகீழாக என்று கேட்டேன். அந்த நரம்புக்குள் ஒருவழிக் கதவுகள் இருக்கின்றனவாம். ரத்தம் மேலே ஏறத்தான் அவை திறக்கும். கீழே இறங்கவேண்டுமானால் நரம்பைத் திருப்பித்தான் வைக்கவேண்டும். பம்பு வால்வு மாதிரி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் புரிந்துகொண்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெருவிரல் நுனி மட்டும்தான் அப்போது கறுத்திருந்தது. "விரல் ஒண்ணு போனாலும் போகும். காலைக் காப்பாத்திடலாம் மேஸ்திரி" என்றார்.

துணைக்கு மச்சான் ஏழுமலை இருந்தான், பூங்காவனத்தின் தம்பி. படுத்தால் கால் வலி தாங்காது. உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் ரத்தம் இறங்கி வலி குறையும். அப்படியே உட்கார்ந்து தூங்குவேன். கட்டிலின் இரும்பு விளிம்பு தொடையை அறுக்கிறதென்று தன் இரண்டு வேட்டிகளில் ஒன்றைக் கிழித்துச் சுருட்டி விளிம்பு நெடுக வைத்துக் கட்டினான். மலஜலம் எடுத்தான். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. பூங்காவனம் ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து, தூக்கில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு வந்துவிடுவாள். வார்டு முழுக்க நாறுகிறதென்று சிஸ்டர் சத்தம் போடுவார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிண்ணத்தோடு வருவார்.

ஒருநாள் காலையில் டாக்டர் முகம் வாடி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்குப் புது நரம்பு அடைத்துக்கொண்டதாம். தையல் சரியாகத்தான் இருந்தது. தொடைக்குள் சதைக்கு அடியில் நரம்பைக் கொண்டுபோகும்போது எங்கோ ஒரு முறுக்கு விழுந்திருக்கிறது. அதுவரை அவர்கள் நீளமான இடுக்கியைச் சதைக்குள் குத்தி, மறுபக்கம் வரவழைத்து, நரம்பின் நுனியைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நரம்பு வெத்தலைக் காம்பு மாதிரி மேஸ்திரி. உள்ள போனதும் முறுக்கிக்கிச்சா, நசுங்கிச்சான்னு கண்ணால பார்க்க முடியல" என்றார்.

அவர் எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியவில்லை.

உப்பளத்தில் ஒரு வேலை உண்டு. மேல் பாத்தித் தண்ணீரை இன்னொரு பாத்திக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் நடு வரப்பை வெட்டக் கூடாது. வெட்டினால் உப்பு கட்டுகிற தண்ணீரில் உப்பு குறைந்த இளந்தண்ணீர் கலந்து எல்லாம் கெட்டுப்போகும். அதனால் வரப்புக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயைச் செலுத்துவோம். மண்ணைக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு போக அதன் முனையில் உருண்டையாகச் செதுக்கிய மரக்கட்டை இருக்கும். மறுபக்கம் வந்ததும் கட்டையைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் கான்வாஸ் ஹோஸை விடுவோம். பிறகு இரும்புக் குழாயை மட்டும் மெதுவாக உருவி எடுத்துவிடுவோம். உப்புத் தண்ணீரில் விட்டால் ஒரே பருவத்தில் இரும்பு அரித்துப்போகும். ஹோஸ் எந்த உரசலும் இல்லாமல் உள்ளே தங்கிவிடும். முறுக்கு விழாமலிருக்க ஹோஸின் முதுகில் நெடுக ஒரு தார்க் கோடு போட்டிருப்போம். இந்தப் பக்கம் கோடு மேலே இருந்து, அந்தப் பக்கமும் மேலேயே இருந்தால் ஹோஸ் நேராக இருக்கிறதென்று அர்த்தம்.

இதைச் சொல்லி முடித்தபோது டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் வார்டில் ராஜா. டாக்டர் காலையும் மாலையும் வருவார். பென்சிலால் அட்டையில் படம் போடுவோம். தொடைக்குள் நரம்பைக் கொண்டுபோகிற குழாய்க்கு வளைவு எவ்வளவு, முனை எப்படி இருக்கவேண்டும் என்று பேசுவோம். ஏழுமலை எங்கிருந்தோ பூவரசங்கட்டை கொண்டுவந்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு முனை செதுக்கிக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்லிவைத்த ஒரு பட்டறையில் எஃகில் செய்தார்கள். முதலில் செய்தது வளைவு அதிகம். இரண்டாவதில் முனை கழல மறுத்தது. தார்க் கோட்டுக்குப் பதில் நரம்பின்மேல் நீல மருந்தால் கோடு போடலாம் என்றார் டாக்டர். எனக்கு வலிகூட மறந்துபோயிருந்தது.

பூங்காவனத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. வந்தவள் காலைத்தான் பார்த்தாள். பெருவிரலோடு நின்றிருந்த கறுப்பு பக்கத்து இரண்டு விரல்களுக்கும் வந்திருந்தது.

"உனக்குக் காலு வேணுமாயா, பைப்பு வேணுமா?"

"ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கலன்னு டாக்டர் சொல்றாருடி. கிடைச்சா மறுநாளே செஞ்சிடுவாரு. நம்ம மேல எவ்ளோ பிரியமா இருக்காரு, பாத்துக்கினுதான இருக்கிற."

"பிரியம் இருந்தா ஏன் இப்புடிக் கறுத்துக்கினே போவுது? பெருமுக்கல் மலையேறி வேண்டிக்கினு வந்துட்டேன். சாமிகூட இவ்ளோ நாள் எடுக்காது."

சாமியையும் டாக்டரையும் ஒன்றாகப் பேசாதே என்று அவளை அதட்டினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது குழாய் பட்டறையில் இருந்தபோது ஒருநாள் டாக்டர் கேட்டார். "என்ன மேஸ்திரி, அவசரமா முடிச்சிடலாமா, இல்ல நிதானமா செய்யலாமா?"

"நிதானமா செய்ங்க சார். அவசரத்துல செஞ்சது உப்பளத்துல ஒரு மாசம்கூட நிக்காது" என்றேன்.

அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நாங்கள் குழாயைப் பற்றிப் பேசுகிறோம் என்று நான் நினைத்தேன்.

ஆபரேஷன் நடந்தபோது நான் ஆஸ்பத்திரிக்கு வந்து நாற்பது நாளாகியிருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். ஆனால் விழித்திருந்தேன். நடுவில் பச்சைத் துணி மறைத்திருந்தது. காலில் யாரோ மாவு பிசைவது போல ஓர் அசைவு மட்டும் தெரிந்தது. பிறகு துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் குரல் கேட்டது. "மேஸ்திரி, கோடு நேரா இருக்குது!" என்னை மறந்து நான் கைகூப்பினேன். கையில் குளுக்கோஸ் ஊசி இருந்ததால் நர்ஸ் திட்டினார்.

வாய்க்கால் ஓடியது. அதில் பொய் இல்லை. முட்டிக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி துள்ளியது. ஆனால் பாத்தி அதற்குள் செத்துப்போயிருந்தது. விரல்கள் ஐந்தும் கரியாகி, கறுப்பு கணுக்காலையும் தாண்டி, காய்ச்சல் அடிக்க ஆரம்பித்தது. எட்டாம் நாள் முட்டிக்குக் கீழே நாலு விரல் விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் வந்து என் முட்டிக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தார். "கிராஃப்ட் பிரமாதமா ஓடுது" என்றார், தைத்து வைத்த நரம்பை. அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். காலில்லாத இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்ததை அவர் பார்க்கவே இல்லை.

கட்டு மாற்ற வந்த சிஸ்டர்தான் சொன்னார். என் குழம்பைச் சாப்பிட்ட அதே சிஸ்டர். கட்டைப் பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மனசு கேக்கல மேஸ்திரி, அதான் சொல்றேன். உங்க பேரு ரெண்டு தடவை தியேட்டர் லிஸ்ட்ல வந்துச்சு. மொத தடவை நீங்க வந்த ரெண்டாவது வாரமே வந்துச்சு."

"அப்புறம்?"

"சாரே பேரை அடிச்சிட்டாரு, ரெண்டு தடவையும். குழாய் ரெடியாகட்டும்னு."

ஏழுமலை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அவன் வராந்தாவில் அழுவது எனக்குக் கேட்டது. நான் அழவில்லை. இரண்டாவது வாரம் என் விரல் நுனி மட்டும்தான் கறுத்திருந்தது என்று திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பூவரசங்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது.

மறுநாள் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பழைய முறையில செஞ்சிருந்தா அடைச்சுக்கிட்டு முழுக் காலும் போயிருக்கலாம். உங்களுக்கு நல்லதைத்தான் செஞ்சேன்."

"அதை எங்கிட்டக் கேட்டிருக்கலாமே சார். தியேட்டர் இல்லன்னுதான சொன்னீங்க?"

மெதுவாகச் சொன்னார். "நிதானமா செய்ங்கன்னு நீங்கதான சொன்னீங்க, மேஸ்திரி."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து நடக்கக் கால் இருந்திருந்தால் அப்போதே ஊருக்கு நடந்திருப்பேன். அவர் கெட்டவர் இல்லை. பழைய முறையில் செய்திருந்தால் நிஜமாகவே அடைத்திருக்கலாம், யார் கண்டது. அதுவல்ல என் ஆற்றாமை. என்னோடு உட்கார்ந்து படம் போட்டவர், என் கட்டிலில் டீ குடித்தவர், என் காலை அந்தக் குழாய்க்காகக் காக்கவைத்திருந்தார். நான் ஒரு கூட்டாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் அந்தக் குழாயை விடுவதற்கான வரப்பு.

ஊருக்குத் திரும்பி ஏழெட்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. பரிசோதனைக்கு வரவும் என்றிருந்தது. போகவேண்டாம் என்றான் ஏழுமலை. "போலாம்யா. கூப்புட்டு மன்னிப்புக் கேக்கத்தான் கேப்பாரு" என்றாள் பூங்காவனம். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. கட்டைக்கால் இன்னும் பழகவில்லை. இரண்டு கழிகளை ஊன்றிக்கொண்டு போனேன்.

பரிசோதனை அறைக்குப் போகவில்லை. ஒரு பெரிய ஹாலுக்குக் கூட்டிப்போனார்கள். முன் வரிசையில் பம்பாய், டெல்லி டாக்டர்கள். பின் வரிசைகளில் நம் ஊர்ப் படிக்கிற பிள்ளைகள். மேஜைமேல் வெல்வெட்டுத் துணியில் அந்தக் குழாய் பளபளத்தது. பூங்காவனத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னை ஒரு மேஜையில் படுக்கவைத்தார்கள். பெரிய டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து முட்டிக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். டாக்டர் இங்கிலீஷில் பேசினார். குழாயைத் தூக்கிக் காட்டி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். இன்ஜின் புத்தகங்கள் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் பழக்கம். உப்பளம் என்றோ மேஸ்திரி என்றோ ஒரு சத்தமும் அதில் வரவில்லை.

முன் வரிசைக்காரர் ஒருவர் என் மொட்டைக் காலைக் காட்டி ஏதோ கேட்டார். டாக்டர் சொன்ன பதிலில் எனக்கு இரண்டே சொல்தான் தேவைப்பட்டது. 'கேம் லேட்'. லேட்டாக வந்தார்.

நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். ஹால் முழுக்கக் கேட்கும்படி தமிழிலேயே சொன்னேன்.

"சார், நான் லேட்டா வரல. நாப்பது நாளு உங்க வார்டுலதான் படுத்துக்கினு இருந்தேன். ரெண்டு தடவை என் பேரை நீங்கதான் அடிச்சீங்க. இந்தக் குழாயைச் சொன்னதும் நான்தான். இவங்ககிட்டச் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பழைய பிரியம் அப்படியே அவர் கண்ணில் இருந்தது. முன் வரிசை டாக்டர், இவர் என்ன சொல்கிறார் என்பதுபோலக் கையைத் திருப்பினார்.

"ஹி ஈஸ் தேங்கிங் அஸ்" என்றார் டாக்டர். நான் நன்றி சொல்கிறேனாம்.

முன் வரிசை கைதட்டியது. பின் வரிசைகளைப் பார்த்தேன். தமிழ் தெரிந்த பிள்ளைகள், நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்த பிள்ளைகள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் பூங்காவனம் ஓடிவந்து கழியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"கை தட்டுனாங்களே! எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"கேட்டுக்கினாங்களா?"

"கேட்டுக்கினாங்க" என்றேன்.